மாரியைக் கணக்கில் வைத்து வேலையை விடுங்கள்: திருகோணமலையில் சொந்தத் தொழிலுக்கு மாறுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"வேலைய விட்டுட்டு சொந்தமா ஏதாவது செய்வம்" என்ற எண்ணம் திருகோணமலையில் பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்டில்தான் பிறக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறைகள் நிரம்பியிருக்கும். புறாத்தீவுக்குப் போகிற படகுகளுக்கு ஆட்கள் காத்து நிற்பார்கள். ஓட்டோ ஓடுகிறவர், சாப்பாடு கட்டிக்கொடுக்கிறவர், மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் என்று எல்லார் கையிலும் காசு புழங்கும். மாதம் முடிய வருகிற சம்பளத்தை அந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தால் யாருக்கும் கசக்கத்தான் செய்யும்.

அதே கணக்கை டிசம்பரில் போட்டுப் பாருங்கள். வாடைக்காற்று அடிக்கிறது, மழை விடுவதாக இல்லை, படகுகள் கரையில் கிடக்கின்றன. ஜூலையில் ஒரு நாளில் உழைத்ததை உழைக்க ஒரு கிழமை போகிறது. சில தொழிலுக்கு அதுவும் இல்லை.

அதனால் இந்த வழிகாட்டி ஒரு விடயத்தைச் சுற்றித்தான் போகிறது: தொடங்கப்போகிற தொழில் ஒரு மாரியைத் தாண்டிக் காட்டும்வரை சம்பளத்தை விடாதீர்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதலாவது: கையில் இருக்கிற வேலையின் உண்மையான பெறுமதி

வேலையை விட நினைக்கிற ஆட்கள் வங்கிக்கு வருகிற தொகையை மட்டும் பார்க்கிறார்கள். தனியார் கொம்பனி ஒன்றில் உங்கள் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி தன் பக்கத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது எல்லாரும் ஈ.பி.எஃப். என்று சொல்வதற்கு, 12 சதவீதம் கட்டுகிறார். ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 சதவீதம். இரண்டும் சேர்ந்து 9,000 ரூபாய். உங்கள் சம்பளத்தில் வெட்டுகிற 8 சதவீதம் வேறு. அது உங்கள் காசு. பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் மாதத்துக்கு 2,500 ஆக ஏறிக்கொண்டிருக்கிறது. ஆக, உங்கள் வேலையின் பெறுமதி 71,500 ரூபாய். போனஸ், மருத்துவக் காப்புறுதி இருந்தால் அதையும் கூட்டுங்கள். புதுத் தொழில் எட்ட வேண்டியது இந்தத் தொகையை.

இனி, விட்டால் கையில் என்ன வரும் என்று பார்ப்போம். கூடுதலான ஆட்கள் ஏமாறுகிற இடம் இது. "ஈ.பி.எஃப். காச எடுத்துக் கடை போடுவம்" என்று திட்டம் போட்டிருந்தால் அந்தத் திட்டத்தை இப்போதே கிழித்துப் போடுங்கள். வேலையை விட்டதற்காக மட்டும் அந்தக் காசு வராது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். திருமணத்துக்காக வேலையை விடுகிற பெண்கள், நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்கள், வேலை செய்ய முடியாதபடி நிரந்தர இயலாமைக்கு ஆளானவர்கள், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான் முன்னதாகக் கிடைக்கும். பத்து வருடம் கட்டி, மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் நிலுவை இருந்தால் 30 சதவீதம் எடுக்க ஒரு வழி உண்டு. ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், தொழிலுக்கு இல்லை.

ஈ.டி.எஃப். அப்படியில்லை. வேலையை விட்டதும் கேட்கலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான்.

பணிக்கொடைதான் பலருக்குக் கையில் கிடைக்கிற முதல் பெரிய காசு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால் கடைசிச் சம்பளத்தின் அரைவாசியை வருடங்களால் பெருக்கித் தர வேண்டும். 60,000 சம்பளத்தில் எட்டு வருடம் என்றால் 2,40,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும்; இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நாலு வருடமும் ஒன்பது மாதமும் ஆன ஆள் கோபத்தில் கடிதம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அரச வேலைக்காரருக்குக் கணக்கே வேறு. மாகாண சபை அலுவலகங்கள், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், வைத்தியசாலை என்று திருகோணமலை அரச சம்பளத்தில் ஓடுகிற பட்டினம். ஓய்வூதியமுள்ள பதவியை இராஜினாமா செய்தால் ஓய்வூதிய உரிமை போய்விடும், எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும். அரச ஊழியருக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவை, அனுமதி இல்லாமல் பக்கத் தொழில் செய்வதையும் தடுக்கிறது. 2022 நெருக்கடியின்போது சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளியே போக ஒரு சுற்றறிக்கை வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரியான ஏற்பாடு இன்று உங்கள் சேவைக்குப் பொருந்துமா என்று நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். என் அபிப்பிராயம் இது: பத்துப் பதினைந்து வருடச் சேவையுள்ள அரச ஊழியர் வேலையை விடுவது அநேகமாக நட்டக் கணக்கு. வீட்டில் இன்னொருவர் உண்மையாகவே தொழிலை நடத்த, நீங்கள் சம்பளத்தைக் கொண்டுவருவது புத்தி.

இரண்டாவது: எந்தத் தொழில், அது மாரியில் என்ன செய்யும்

கடற்கரையில் மாத்திரம் ஓடுகிற தொழிலை முழுநேரத் தொழிலாக எடுக்காதீர்கள். மாரி மட்டும் காரணமில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 பெருந்தொற்று, 2022 பெற்றோல் வரிசை என்று மூன்று முறை உல்லாசப் பயணிகள் ஒரேயடியாக நின்றுபோனார்கள். மூன்றும் இந்த ஊரில் நடந்த எதனாலும் வந்தவை அல்ல. உங்கள் கெட்டித்தனத்தால் தடுக்க முடியாத அடி அது.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். ஏசி, ஃப்ரிட்ஜ் திருத்துகிற ஒரு தொழில்நுட்பவியலாளர் கொம்பனி வேலையை விட நினைக்கிறார். திருகோணமலையில் நல்ல தொழில், காரணம் உப்புக்காற்று. கடற்கரைப் பக்கம் சுவரில் மாட்டியிருக்கிற வெளி யூனிட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். அலுமினியத் தகடுகள் வெள்ளை மாப் பிடித்து, விரலால் தட்டினால் உதிரும். செப்புக் குழாய் வெல்டிங் பிடித்த இடங்களில் பச்சை படிந்து, அங்கிருந்துதான் காஸ் ஒழுகத் தொடங்கும். பட்டினத்துக்குள் உவர்மலையில் ஒரு வீட்டில் நீண்ட காலம் ஓடுகிற அதே யூனிட், நிலாவெளியில் கடலைப் பார்த்த சுவரில் சீக்கிரமாகவே போய்விடும். ஆக வேலைக்குக் குறைவில்லை.

ஆனால் அந்த வேலை எப்போது வருகிறது? பங்குனி கடைசியில் எல்லாக் கெஸ்ட் ஹவுஸ்காரரும் ஒரே கிழமையில் கூப்பிடுவார்கள், சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னம் முடிக்க வேண்டும் என்று. சீசனுக்குள் பழுது வந்தால் இரவு பத்து மணிக்கும் போன் வரும். ஒக்டோபர் முடிய போன் அடங்கிவிடும். இவருக்கு மாரியில் சோறு போடப்போவது கடற்கரை இல்லை. மருந்துக்கடைகளின் ஃப்ரிட்ஜ், வங்கிகளின் ஏசி, இறைச்சி, மீன் கடைகளின் ஆழ்குளிரூட்டிகள், ஆய்வுகூடங்கள்; இவைதான். இவை வருடம் முழுக்க ஓட வேண்டியவை, மழைக்காலத்து மின்வெட்டிலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும்தான் கூடப் பழுதாகின்றன. அப்படியான பத்து இடங்களோடு வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்ட பிறகு விடுகிற ஆளும், "சீசனுக்கு நல்ல உழைப்பு இருக்கு" என்று விடுகிற ஆளும் ஒரே தொழிலைச் செய்யவில்லை.

உங்கள் தொழிலுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: நவம்பரிலிருந்து ஜனவரி வரை எனக்குக் காசு தரப்போகிறவர் யார்? பெயரோடு எழுத முடிய வேண்டும். தையல்காரருக்கு விடை சுலபம்: தீபாவளி, நத்தார், பொங்கல், ஜனவரிப் பாடசாலைச் சீருடை. சாப்பாடு செய்கிறவருக்கு அலுவலக மதியப் பார்சல், வளாக மாணவர், ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிற உறவினர். வாகனம் ஓட்டுகிறவருக்குப் பாடசாலை வான். கட்டட வேலை, பெயின்ட் வேலை, படகுச் சுற்றுலா இவற்றுக்கு மாரியில் விடை இல்லாமலே இருக்கலாம். அப்படியென்றால் ஒன்பது மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும் என்பதை விலையிலேயே வைக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி, உள்ளூர்ப் பயணிகள். கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் நீண்ட விடுமுறைகளில் வருகிற சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் வெள்ளைக்காரரைவிட நம்பத்தக்க வாடிக்கை. அவர்களோடு தொழில் செய்ய விலை சொல்லிப் பேரம் பேசுகிற அளவுக்காவது சிங்களம் வேண்டும். சம்பளத்தில் இருக்கும்போதே படியுங்கள்.

மூன்றாவது: வேலையில் இருந்துகொண்டே ஓட்டிப் பார்ப்பது

ஒக்டோபரில் தொடங்குங்கள். ஆள் எல்லாரும் சீசனுக்கு முன்னம் தொடங்கச் சொல்லுவார்கள். சோதிக்கிறதென்றால் கஷ்டமான காலத்தில்தான் சோதிக்க வேண்டும். சனி, ஞாயிறும் பின்னேரங்களும் போதும். மழைக்குள் கிடைக்கிற வேலைதான் உங்கள் தொழிலின் அடித்தளம். சீசனில் வருகிறது அதற்கு மேல்.

இந்தக் காலத்தில் இரண்டு கட்டுப்பாடு. முதலாவது, முதலாளியின் நேரத்திலோ சாமானிலோ கை வைக்காதீர்கள். அவருடைய வாடிக்கையாளரைப் பின்கதவால் இழுக்காதீர்கள். கொழும்பு மாதிரிப் பெரிய இடத்தில் அது மறைந்துபோகலாம். இங்கே பிரதான வீதியில் காலையில் நடந்தது பின்னேரம் பாலையூற்றில் கதையாக இருக்கும். உங்கள் நியமனக் கடிதத்தில் பக்கத் தொழில் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் வாசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஒரு கொப்பி. போனில் செயலி இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அன்றன்றைக்கு எழுத வேண்டும். திகதி, யாருக்கு என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், சாமான் செலவு, பெற்றோல், கையில் வந்தது, கடனாக நிற்பது. பலர் வந்ததை மட்டும் எழுதுகிறார்கள். மணித்தியாலத்தை எழுதாத கொப்பியால் பிரயோசனம் இல்லை. ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

நான்காவது: விலை போடுவது

வீட்டிலிருந்து ரோல்ஸ் செய்து தேநீர்க் கடைகளுக்குக் கொடுக்கிற ஒருவரின் ஒரு நாளை எடுப்போம். விளங்குவதற்காகப் போட்ட எண்கள் இவை. உங்கள் எண்ணை நீங்கள் போடுங்கள்.

நூறு ரோல்ஸ். மா, உருளைக்கிழங்கு, மீன், வெங்காயம், முட்டை, எண்ணெய் எல்லாம் 3,200. காஸ் 350. பை, கடதாசி 200. கொண்டுபோய்க் கொடுக்கப் பெற்றோல் 250. மொத்தம் 4,000. கடைக்கு ஒன்று 60 ரூபாய்க்குக் கொடுத்தால் 6,000 வரும். "நாளைக்கு ரெண்டாயிரம் லாபம்" என்று சொல்லத் தோன்றும்.

அந்த நூறையும் செய்ய இரண்டு பேர் விடியற்காலையில் ஐந்து மணித்தியாலம் நின்றிருக்கிறார்கள். பத்து மணித்தியால உழைப்பு; மணிக்கு 200. விற்காமல் பத்து ரோல்ஸ் திரும்பி வந்தால் 600 போகும், மிச்சம் 1,400, மணிக்கு 140. தாச்சி தேய்கிறது, கிரைண்டர் பழுதாகிறது, அதை இன்னும் கணக்கில் எடுக்கவேயில்லை. மழை நாளில் கடைக்கு ஆள் வராமல் முப்பது திரும்பி வந்தால் இருநூறு ரூபாய்க்கு இரண்டு பேர் விடிய விடிய வேலை செய்திருக்கிறீர்கள்.

இதற்கு விடை விலையைக் கூட்டுவது மட்டுமில்லை. திரும்பி வராத விற்பனையைத் தேடுவதுதான் கெட்டித்தனம்: முதல் நாளே எண்ணிக்கை சொல்கிற அலுவலகக் கூட்டங்கள், பயிற்சி வகுப்புகள், பிறந்தநாள் ஓடர்கள். ஐம்பது ரோல்ஸ் 85 ரூபாய்க்கு ஓடராகப் போவது, நூறு ரோல்ஸ் 60 ரூபாய்க்குக் கடை கடையாகப் போவதைவிட நல்லது. கொப்பியில் மணித்தியாலம் இருந்தால் இது ஒரே பார்வையில் தெரியும்.

கைத்தொழில்காரருக்கு விலை போடுவதில் வேறு பிரச்சினை. தெரிந்த ஆட்கள். "தம்பி, நம்மட ஆள்தானே, பார்த்துச் செய்" என்றால் அநேகமானோர் சாமான் காசையும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். உறவுக்குக் கூலியில் குறைக்கலாம். சாமானிலும் பெற்றோலிலும் குறைக்கக் கூடாது. "அண்ணன், கூலி நீங்க பார்த்துத் தாங்க, சாமான் காசு மட்டும் இப்ப வேணும்" என்று வேலை தொடங்குமுன் சொல்லிப் பழகுங்கள். முடிந்த பிறகு சொன்னால் அது சண்டை.

ஐந்தாவது: இரண்டு பொட்டலம் காசு

தொழிலில் போடுகிற முதல் வேறு, வீட்டுக்குச் சாப்பாட்டுக் காசு வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் முதலில் கரைவது தொழில் முதல்தான்.

வீட்டுப் பொட்டலத்துக்கு ஆறு மாதச் செலவு வேண்டும். சீசன் முடிவிலிருந்து அடுத்த சீசன் தொடக்கம் வரை, ஒக்டோபரிலிருந்து பங்குனி வரை, ஆறு மாதம். அதனால்தான் ஆறு. வாடகை, கரண்ட், தண்ணீர், பிள்ளைகளின் ரியூசன், மருந்து, கலியாணம் சாமத்தியவீட்டு மொய் வரைக்கும் எழுதுங்கள். மொய்யை எழுதாத வரவு செலவு நம் ஊரில் பொய்.

தொழில் முதலுக்கு, உங்களுடையது எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரியுங்கள். கடன் வாங்குகிற வழிகளில் எனக்குப் பிடித்த ஒழுங்கு இதுதான்: முதலில் சேமிப்பும் பணிக்கொடையும், பிறகு நகை அடைவு, வட்டி தெரிந்து, மீட்கிற திகதி எழுதி, பிறகு வங்கி. இலங்கை வங்கி, மக்கள் வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி எல்லாவற்றிலும் சிறு தொழில் கடன்கள் உண்டு. வங்கி உங்கள் பதிவையும் கணக்கு ஓட்டத்தையும் பார்க்கும். ஆகவே பரீட்சார்த்தக் காலத்திலேயே தனிக் கணக்கு திறந்து தொழில் காசை அதற்குள்ளால் ஓட விடுங்கள்.

குழுக்கடன் பக்கம் போகாதீர்கள். கிழமைக்குக் கிழமை தவணை, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில். மாரியில் வருமானமே இல்லாத தொழிலுக்குக் கிழமைத் தவணைக் கடன் எப்படிப் பொருந்தும்? லீசிங்கில் ஓட்டோவோ வானோ எடுப்பதும் இதே சிக்கல்தான். தவணை மழைக்கு நிற்காது.

வேலையில் இருக்கும்போதே சம்பளத்தைக் காட்டி ஒரு கடன் எடுத்து வைத்துக்கொண்டு விடலாமே என்று ஒரு யோசனை உலவுகிறது. உங்களுக்குப் பிணை நின்ற இரண்டு சக ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். தவணை தவறினால் வங்கி அவர்களைத்தான் பிடிக்கும். கடன் தகவல் பணியகத்திலும் எல்லார் பேரும் பதிவாகும். நீங்கள் மற்றவர்களுக்குப் பிணை நின்றிருந்தால் அந்தக் கடன் எங்கே நிற்கிறது என்றும் விசாரியுங்கள்.

ஆறாவது: கடதாசி வேலைகள்

இதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சில நாட்கள் அலைய வேண்டும். லீவு மிச்சம் இருக்கும்போதே முடியுங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவுக்குத் தொழில் நடக்கிற இடத்துப் பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி, அடையாள அட்டை, இடம் உங்களுடையது அல்லது வாடகைக்கு எடுத்தது என்பதற்கான ஆவணம் இவை வேண்டும். உப்புவெளி, "பட்டினமும் சூழலும்" என்கிற பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும். நிலாவெளி குச்சவெளிப் பிரிவு. வீடு ஒரு பிரிவிலும் கடை மற்றதிலும் இருக்கிற ஆட்கள் முதல் நாளே வீணாக அலைவது இதனால்தான். தனியாளாகத் தொடங்குகிறவருக்கு இந்தப் பதிவு போதும்; கொம்பனி பதிவு ஆரம்பத்தில் தேவையில்லாத செலவு.

பிறகு உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார உரிமம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சாப்பாட்டுத் தொழில் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அவரைக் கண்டு ஒளிக்கிறதைவிட, அடுப்படியைத் திருத்துமுன் ஒருக்கால் கூப்பிட்டு என்னென்ன வேண்டும் என்று கேட்பது செலவு குறைவு. பொதி செய்து விற்பதென்றால் லேபலில் பெயர், முகவரி, நிறை, சேர்மானம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை இருக்க வேண்டும்.

கடற்கரையில் கொட்டில் போட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடமோ வேறு அபிவிருத்தியோ செய்ய அனுமதி வேண்டும். காணிக்காரர் "ஒரு பிரச்சினையும் இல்ல" என்று சொன்னால் அவருக்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே ஆட்களை ஏற்றி இறக்குவது வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஒழுங்குக்குள் வருகிறது. வீட்டில் இரண்டு அறையை விடுகிறவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் ஹோம்ஸ்டே ஆகப் பதியலாம்.

வரி இலக்கம் எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் வரையான வருமானத்துக்குத் தனிநபர் வரி இல்லை, ஆகவே ஆரம்பத்தில் அநேகருக்கு வரி வராது. ஆனால் ஹொட்டேல் மாதிரியான இடங்களுக்குச் சேவை செய்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் பில் போட்டால் அவர்கள் 5 சதவீதம் பிடித்துக்கொண்டு தரலாம். அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வரிக் கணக்கில் கழிக்கலாம்.

தொழில் தெரியும், கடதாசி இல்லை என்கிறவர்களுக்கு: வேலை செய்தே பழகிய மேசன், வெல்டர், மின்னியலாளர் போன்றோர் நைற்றா என்கிற அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை மூலம் முன்னனுபவத்தை மதிப்பிடுவித்து என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். ஹொட்டேல், வங்கி ஒப்பந்தங்களுக்குப் போகும்போது அது உதவும். பிரதேச செயலகத்தில் விதாதா வள நிலையமும், தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள். பயிற்சி, இயந்திர மானியம் என்று ஏதாவது வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். முகம் தெரிந்த ஆளுக்குத்தான் போன் வரும்.

ஏழாவது: எப்போது, எப்படி விடுவது

மாரி முழுக்க ஓட்டிப் பார்த்து, கொப்பியில் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்கும் சேர்த்து வீட்டுச் செலவின் அரைவாசியாவது வந்திருந்தால், விடலாம். பகுதி நேரத்தில் அரைவாசி வந்தால் முழு நேரத்தில் மிச்சத்துக்கு வழி இருக்கிறது. கால்வாசியும் வரவில்லையென்றால் தொழிலை மாற்றுங்கள் அல்லது இன்னொரு மாரி பொறுங்கள்.

விடுகிற மாதம் மாசி. போனஸ் டிசம்பரில் வருகிற இடமென்றால் அது கையில் வந்திருக்கும். பங்குனி முழுக்கச் சாமான் வாங்கவும் ஆட்களைச் சந்திக்கவும் நேரம் கிடைக்கும். சித்திரையில் சீசன் தொடங்க நீங்கள் தயாராக நிற்பீர்கள்.

கடிதத்துக்கு முன்னம் சேமலாப நிதி அறிக்கையை எடுத்து, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா, எல்லா மாதமும் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் இருக்கும்போது ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவது சுலபம். 55 வயதில் மூடிப்போன கொம்பனியைத் தேடிக்கொண்டு திரிவது அப்படியில்லை. முன்னறிவித்தல் காலத்தை முழுசாகச் செய்யுங்கள். சேவைச் சான்றிதழையும் கடைசிச் சம்பளச் சீட்டுகளையும் கையோடு வாங்குங்கள்.

எட்டாவது: முதல் வருடம்

உங்களுக்கு ஒரு சம்பளம் வையுங்கள், சீசனிலும் மாரியிலும் ஒரே தொகை. ஜூலையில் மூன்று மடங்கு வந்தாலும் வீட்டுக்குப் போவது அதே தொகைதான். மிச்சம் தனிக் கணக்கில். இதற்கு வீட்டில் சம்மதம் வேண்டும், முக்கியமாக ஓகஸ்டில் புது ஸ்கூட்டர் பற்றிய கதை வரும்போது.

கடன் கொடுப்பதில் கவனம். "சீசன் முடியத் தாறன்" என்கிற கெஸ்ட் ஹவுஸ்காரர் கெட்டவர் இல்லை; அவருக்கும் யாரோ தர வேண்டியிருக்கும். ஆனால் அவருடைய மாரியை நீங்கள் சுமக்க முடியாது. அரைவாசி முற்பணம், மிச்சம் வேலை முடிய. பழைய பாக்கி நிற்கிறபோது புது வேலைக்குச் சாமானை அவரையே வாங்கச் சொல்லுங்கள். பிரிவு வராமல் காசு திரும்பி வருகிற வழி அது.

ஒரு ஆளை வேலைக்கு வைத்தால், ஒரே ஒரு ஆள் என்றாலும், அந்த 12 சதவீதமும் 3 சதவீதமும் இப்போது நீங்கள் கட்ட வேண்டியது. கூலியைப் பேசும்போதே அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்களுக்கென்று யாரும் கட்டப்போவதில்லை. இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையில் சுயதொழில் செய்கிறவர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

கடைசியாக, நிறுத்துகிற கோட்டைத் தொடங்குமுன்னே எழுதி வையுங்கள். வீட்டுப் பொட்டலம் இரண்டு மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால், அல்லது வட்டி கட்ட இன்னொரு கடன் தேவைப்பட்டால், மறுபடி வேலை தேட வேண்டும். அதற்காகத்தான் சேவைச் சான்றிதழ், அதற்காகத்தான் முதலாளியோடு நல்லபடியாகப் பிரிவது. வேலைக்குத் திரும்பக் கேட்குமுன் பழைய இடத்தில் வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லையென்றால், மாதத்துக்கு இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் அந்த வேலையைச் செய்து கொடுக்கலாமா என்று. முழுநேர ஆள் கட்டுப்படியாகாத முதலாளிகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.